சேர்க்கை என்பது மாட்டுக்குச் சொல்லும் சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், அமெரிக்க மேய்ச்சல் நாட்டு ஆண்கள் இருவரின் காதலைச் சொல்லும் இருபது ஆண்டுக்கு முந்தைய படம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். போன ஞாயிறு அதற்குத் தாராபுரம் பக்கத்து வாசகர் ஒருவர் கண்டனம் எழுதியிருந்தார். இது மேனாட்டு வியாதி, மாடு கன்று வைத்துப் பிழைக்கிற கொங்குச் சீமையில் இப்படி ஒன்றைக் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை என்று எழுதியிருந்தார். கண்டதில்லை என்பதை நம்புகிறேன். கேட்டதில்லை என்பதை நம்ப மாட்டேன். நம் ஊர் டீக்கடையில் ஒரு மாதம் உட்கார்ந்தவர் யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

நான் 1980 முதல் 2013 வரை கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்தவன். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்துக் கிளை நிலையங்களிலேயே என் காலம் கழிந்தது. வேலையில் சேர்ந்தபோது காங்கயம் பெரியார் மாவட்டத்தில் இருந்தது, ஓய்வு பெறும்போது திருப்பூர் மாவட்டத்தில் இருந்தது. மாடுகளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வாசகரிடம் வருவதற்கு முன் உங்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது. அந்தக் கட்டுரையில் பதினொரு இடத்தில் 'ஓரினச்சேர்க்கை' என்று போட்டிருந்தீர்கள். பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். இந்தச் சேர்க்கை என்பது நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் பதிவேட்டில் எழுதிய சொல். எந்தப் பசு, எந்தத் தேதியில் பருவத்துக்கு வந்தது, காளைக்குச் சேர்த்தார்களா, சினை ஊசி போட்டதா, சினை நின்றதா என்று கட்டம் கட்டமாக இருக்கும். இனச்சேர்க்கை என்றால் எனக்கு அந்தக் கட்டம்தான் கண்ணில் வரும். பொலிகாளை ஏறி இறங்க அரை நிமிடம் ஆகாது. எங்கள் பக்கத்தில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஒரே சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், கஞ்சி குடித்த இரண்டு பேருக்கு அந்த அரை நிமிடத்தை வைத்தா பெயர் சூட்டுவது? உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் 'இனச்சேர்க்கை விழா' என்று அச்சடிப்பீர்களா? தன்பாலீர்ப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தி, 2022-இல் தமிழ்நாடு அரசு இப்படிப்பட்ட சொற்களுக்கு ஒரு பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. பத்திரிகை அலுவலகத்தில் அதன் பிரதி ஒன்று இருக்கக் கூடாதா?

இன்னொரு பிழை சிறியது, ஆனால் என் தொழிலைச் சேர்ந்தது. அந்தக் கதையின் நாயகர்களை 'மாடு மேய்ப்பவர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். கோவையில் படிக்கும் என் பேத்தி கணினியில் எனக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினாள். 1963 கோடையில் வையோமிங் மாநிலத்து மலைக்கு அந்த இருவரும் ஓட்டிக்கொண்டு போவது செம்மறி ஆடுகளை. ஆலங்கட்டி மழையில் பக்கத்துப் பட்டி ஆடுகளோடு அவை கலந்துவிட, குறி பார்த்துப் பிரிக்க முடியாமல் திண்டாடுகிறார்கள். பேத்தி காதலைப் பார்த்து அழுதாள். நான் ஆடுகளைப் பார்த்துக் கவலைப்பட்டேன். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் எனக்கும் மற்றது தெரிந்தது.

மேனாட்டு வியாதி என்கிறாரே, அந்த மேனாட்டிலும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அது நகரத்து ஆட்களின் பழக்கம், குதிரையேறி மாடு விரட்டுகிறவனிடம் அதெல்லாம் கிடையாது என்பது அங்கே பேச்சு. ஆல்பிரட் கின்சி என்ற ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான ஆண்களைப் பேட்டி கண்டு 1948-இல் புத்தகம் போட்டபோது, மேற்குப் பகுதியின் ஒதுங்கிய நாட்டுப்புறத்தில், பண்ணைக்காரர்களிடமும் மாட்டுக்காரர்களிடமும் மரம் வெட்டுகிறவர்களிடமும் இது உண்டு என்று எழுதினார். 1976-இல் நெவாடா மாநிலத்து ரீனோ ஊரில் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் தங்களுக்கென்றே மாடு பிடி விழா நடத்தினார்கள். 1985-இல் அதற்குச் சர்வதேச சங்கமே அமைந்தது. அந்த விழாவில் இளங்காளையின் வாலில் ரிப்பன் கட்டுவது ஒரு போட்டியாம். பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசுகிற நமக்கு அதைக் கேட்டுச் சிரிக்க உரிமையில்லை.

அதே வையோமிங்கில், லாரமி ஊரில், 1998 அக்டோபரில் தன்பாலீர்ப்பு கொண்ட மாத்யூ ஷெப்பர்ட் என்ற இருபத்தொரு வயது மாணவனை இரண்டு பேர் ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடித்து, மர வேலியில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் சைக்கிளில் வந்த ஒருவர் முதலில் அதைச் சோளக்கொல்லைப் பொம்மை என்று நினைத்தாராம். சில நாளில் அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அவர்கள் பக்கத்து நகரத்தைக் காட்டுகிறார்கள், நாம் அவர்களைக் காட்டுகிறோம். இடையில் அடி வாங்குகிறவன் எந்த ஊர்க்காரனாகவும் இருக்கலாம்.

இனி எங்கள் ஊர்க்காரர்கள். பெயர் சொல்ல மாட்டேன். ஒருவரைக் காளைக்காரர் என்றும் மற்றவரைத் தரகர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஊரும் அப்படித்தான் கூப்பிட்டது.

காளைக்காரருக்குக் காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் பதினான்கு ஏக்கர் கொறங்காடு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மழை குறைந்த மேட்டு நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் வளரவிட்டு, சுற்றிலும் கிளுவை வேலி வைத்து, மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் அதுதான் கொறங்காடு. ஆள் கூடவே நின்று மேய்க்க வேண்டியதில்லை. கிளுவைக் குச்சிகளை வெட்டி நட்டு, அவை தழைத்து, ஆடு நுழையாத அளவுக்குப் பின்னிக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆகும். அவருடைய வேலி அவருடைய தாத்தா நட்டது. உள்ளே ஓட்டுச் சாளை ஒன்று, கட்டுத்தரை, கல் தொட்டி, ஒரு மயிலைப் பொலிகாளை, எட்டுப் பத்து உருப்படிகள்.

தரகர் அந்தியூர்ப் பக்கத்து ஆள். கருங்கல்பாளையம், புளியம்பட்டி என்று சந்தை சந்தையாகச் சுற்றியவர். 1974 சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் இருவரும் முதலில் பார்த்துக்கொண்டார்கள். காளைக்காரர் சோடிக் காளைகளை விற்க வந்திருந்தார். தரகர் திண்டுக்கல் பக்கத்து ஆள் ஒருவருக்காக விலை பேச வந்தார். நம் சந்தையில் விலையை வாயால் சொல்லிப் பேசுகிற வழக்கம் இல்லை. கைமேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்து, கூட்டியும் குறைத்தும் பேசுவார்கள். எத்தனை விரலோ அத்தனை நூறு, அல்லது ஆயிரம். சாதாரணமாக ஐந்து நிமிடத்தில் படியும், இல்லையென்றால் கையை உதறிவிட்டுப் போவார்கள். அன்று அரை மணி நேரம் ஆயிற்றாம். வாங்க வந்தவர் சலித்துப்போய் வேறு மாடு பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகும் துண்டை இருவரும் எடுக்கவில்லை. ஆயிரம் பேர் நடமாடுகிற சந்தையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விலை இன்னும் படியவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். இதைத் தரகர் என்னிடம் சொன்னது 2016-இல்தான்.

நான் அவர்களைச் சரியாகப் பார்த்தது 1982 ஐப்பசியில், நல்ல மழை இரவில். ஒரு கிடாரி முதல் ஈற்றுக்குத் திணறுகிறது என்று ஆள் வந்தது. சைக்கிளைப் பாதி தூரம் தூக்கிக்கொண்டு போனேன். கன்றின் தலை பின்னால் மடங்கியிருந்தது. தோள் வரை கையை விட்டுத் தலையைத் திருப்பி எடுக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. தரகர் கிடாரியின் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன் காதில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். கன்று உயிரோடு வந்தது, காங்கயம் கன்றுகளுக்கே உரிய செங்காவி நிறத்தில். தாய் நக்கத் தொடங்கியதும் எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள்.

அப்போது பார்த்தேன். வெறுங்காலோடு ஓடிவந்ததில் தரகருக்குக் குதிகாலில் வெள்வேல முள் தைத்திருந்தது. அதுவரை அவர் மூச்சுக் காட்டவில்லை. காளைக்காரர் லாந்தரைத் தரையில் இறக்கி வைத்தார். அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அரைஞாணில் தொங்கிய முள்வாங்கியை அவிழ்த்தார். கட்டைவிரலில் எச்சில் தொட்டுச் சேற்றைத் துடைத்து, முள்ளின் கறுப்புத் தலை தெரிகிற வரை தேய்த்தார். ஒரே இழுப்பில் எடுத்து, உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார், நுனி ஒடிந்து உள்ளே நின்றுவிட்டதா என்று. நிற்கவில்லை. எருக்கம்பால் ஒரு சொட்டு வைத்தார். வேலை முடிந்தது. ஆனால் காலை இறக்கி வைக்கவில்லை. மழை எத்தனை உழவு இருக்கும், கம்பு விதைக்கலாமா என்று என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார். கால் மடியிலேயே இருந்தது, கை அதன்மேல் இருந்தது.

எனக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். என் மனைவிக்கு முள் தைத்திருந்தால் முள்வாங்கியை எடுத்து அவள் கையில் கொடுத்திருப்பேன், அவ்வளவுதான்.

ஊருக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரியாததுபோல் இருக்க ஊருக்கு வழிகள் இருந்தன. காளைக்காரர் தரகரை 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவார். நம் பக்கத்தில் பாதிப் பேர் மீதிப் பேரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்கள், யார் அதைப் பிடித்துக் கேட்பது? பண்ணையத்துக்கு இருக்கிறார் என்று ஊர் சொல்லிக்கொண்டது. இருவரும் வேறு வேறு சாதி. உண்மையைச் சொன்னால் ஊரின் கண்ணை உறுத்தியது அதுதான். தரகர் தனித் தட்டில் சாப்பிடுகிறார் என்று காளைக்காரர் வெளியில் சொல்லிவைத்திருந்தார். நான் பார்த்த வரை சாளைக்குள் தட்டு ஒன்றுதான்.

இதில் ஒரு பெண்ணின் கணக்கு இருக்கிறது, அதை மறைத்தால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். 1967-இல் காளைக்காரருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அவர் வேண்டாம் என்றார். வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. ஓராண்டுக்குள் அந்த அம்மா தாய் வீட்டுக்குப் போய்விட்டார். குறை அந்த அம்மாவிடம் என்று ஊர் முடிவு கட்டியது. தையல் தைத்துக் காலத்தை ஓட்டினார், மறுமணம் நடக்கவில்லை. தாராபுரத்து வாசகர் 'காலா காலத்தில் கட்டிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று எழுதியிருக்கிறாரே, சரியான கதை இது. நானும் யோக்கியன் இல்லை. 1985 வாக்கில் தரகருக்கு நானே ஒரு பெண் பார்த்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே மோர் ஊற்றிக் கொடுத்தார். அதன் பிறகு ஓராண்டு என் கிளை நிலையத்துக்கு வரவில்லை, மாட்டுக்குக் கோமாரி வந்தபோதுகூட வேறு நிலையத்துக்குத்தான் போனார்.

2016-இல் காளைக்காரருக்குப் பக்கவாதம். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அறுவைக்குச் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். உறவுமுறை என்ன என்று படிவத்தில் ஒரு கட்டம். தரகர், "கூட இருக்கிறவன்" என்றார். அப்படி ஒரு உறவு இல்லை என்று அங்கிருந்த பெண் சொன்னார். கோபமாக அல்ல, படிவத்தில் இல்லாததைச் சொன்னார். திருப்பூரிலிருந்து அண்ணன் மகன் வந்து சேர நான்கு மணி நேரம். அதனால்தான் உயிர் போயிற்று என்று நான் சொல்லவில்லை. நான் மாட்டுக்குப் படித்தவன். நான்கு மணி நேரம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் இது குற்றமல்ல என்றது. 2021-இல் இப்படிப்பட்ட வழக்கு ஒன்று தன்னிடம் வந்தபோது, உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இது புரியவில்லை என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்ப்பு எழுதினார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். 2023-இல் திருமணத்துக்கு அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். இதெல்லாம் ஆஸ்பத்திரி படிவத்துக் கட்டம் வரை எப்போது வந்து சேரும் என்று தெரியவில்லை.

சுடுகாட்டுக்குத் தரகர் வரவில்லை. எல்லோரும் போய்விட்டால் மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்று கேட்டார். சோடியில் ஒரு காளை செத்தால் மற்றது தீனி எடுக்காமல் செத்துவிடும் என்று பேசுவார்கள். அது பொய், மூன்றாம் நாள் எடுக்கும், நான் பார்த்திருக்கிறேன். தரகரும் மூன்றாம் நாள் சாப்பிட்டார்.

பதினாறாம் நாள் அண்ணன் மகன்கள் கணக்கு முடிக்க உட்கார்ந்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. கொறங்காடு அவர்கள் பங்கு, அதைக் கோழிப்பண்ணைக்கு விடுவதாக ஏற்பாடு. தரகருக்கு இருபதாயிரம் ரூபாயை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்து, "கூலி பாக்கி" என்றார்கள். நாற்பத்திரண்டு ஆண்டு. அவர் தட்டைத் தொடவில்லை. ஒரு கிடாரி மட்டும் வேண்டும், விலைக்கு என்றார். 1982 மழை இரவில் பிறந்த கன்றின் வழிவந்தது அது. சும்மாவே ஓட்டிக்கொண்டு போங்கள் என்று மூத்தவர் சொன்னார். தரகர் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

பனியன் கம்பெனியில் வளர்ந்த பிள்ளைக்கு என்ன தெரியும்? கையில் அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார்.

நான் எழுந்து போய்த் துண்டுக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். எனக்கு விரல் கணக்கு தெரியும். அவர் எந்த விரலையும் பிடிக்கவில்லை. கையைப் பிடித்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பிறகுதான் விலை சொன்னார், நியாயமான விலை.

இப்போது கொறங்காட்டில் கிளுவை இல்லை, கம்பி வேலி இருக்கிறது. தரகருக்கு எழுபத்தேழு வயது. என் வீட்டுக் கட்டுத்தரையை ஒட்டிய அறையில் இருக்கிறார். அந்தக் கிடாரி நான்கு ஈற்று ஈன்றுவிட்டது. முள்வாங்கி அவர் அரைஞாணில் இருக்கிறது. உங்கள் பேப்பரை அவர்தான் முதலில் படிப்பார், பூதக்கண்ணாடி வைத்து, வரி விளம்பரம் வரைக்கும். தாராபுரத்து வாசகரின் கடிதத்தையும் படித்தார். அந்த ஆள் மாடு வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றேன். பேப்பரை மடித்துத் தவிட்டு மூட்டைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் காட்டப் போனார். இந்தக் கடிதத்தை எழுதலாமா என்று மறுநாள் கேட்டேன். பெயர் போடாமல் எழுதுங்கள், காளையைப் பற்றி நல்லபடியாக எழுதுங்கள் என்றார். இரண்டாவதைச் செய்யத் தவறிவிட்டேன். அது காங்கயம் வட்டத்திலேயே நல்ல திமில் கொண்ட மயிலைக் காளை.

இடம் போதாமல் சுருக்குவதாக இருந்தால் வையோமிங்கைச் சுருக்கிக்கொள்ளுங்கள். முள்வாங்கியில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.